கண்ணைக் கடைசிக்கு வைத்த ரோபோக்கள்

பாகங்களைப் பூட்டிச் செய்கிற ரோபோ பொம்மைப் பெட்டிகளில் முதல்முறை கை வைக்கிறவர்களுக்கு எது சரிப்படும் என்று கேட்டால், அட்டையைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துக் கற்றதில்லை இது. கம்பெனிக்கு ஆள் எடுப்பதற்காகக் கற்றது.

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கம் எங்கள் நிலங்களை ஒட்டி வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்திறங்கிய காலம். ஊர் ஊராகக் கம்பெனி பஸ் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். நான் திருப்பதியில் டிப்ளமோ படித்தவள். காருக்கு ஸ்விட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் உட்கார்ந்து, லைன் லீடராகி, பிறகு புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவளாக ஆனேன். பிளாஸ்டிக்குக்குள் பிளாஸ்டிக்கை வைத்து அழுத்துவதுதான் அங்கே வேலை. பசை கிடையாது, திருகாணி கிடையாது. சரியாக உட்கார்ந்தால் 'டக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டே யார் கை நல்ல கை என்று சொல்ல எனக்குப் பழகிவிட்டது.

பெங்களூரில் இருந்து வந்த புது மேனேஜர் எழுத்துப் பரீட்சையை எடுத்துவிட்டார். பத்தாவது தவறிய பெண்களிடம் இங்கிலீஷ் பேப்பரை நீட்டி என்ன ஆகப்போகிறது என்றார். கையால் ஏதாவது பூட்டச் சொல்லலாம், எதைக் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டார். எங்கள் ஸ்விட்சையே கொடுத்தால் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் லாபம். யாருமே தொட்டிராத சாமானாக இருக்க வேண்டும். ரோபோ பொம்மை என்றேன். அவர் சிரித்தார், ஆனால் வாங்கி வரச் சொன்னார்.

திருப்பதியில் பெரிய பொம்மைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் "பாபுகா, பாப்பகா?" என்றார். பையனுக்கா, பெண்ணுக்கா என்று தெலுங்கில் கேட்கிறார். "நாகே" என்றேன், எனக்குத்தான் என்று. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்காமல் பெட்டிகளை எடுத்துப் போட்டார்.

மூன்று பெட்டிகள் வாங்கி வந்தேன். முதலாவது அட்டைப் படத்தில் நெருப்புக் கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே அரிசி மாதிரி பொடிப் பொடிப் பாகங்கள். ஒவ்வொன்றையும் கட்டரால் வெட்டி, வெட்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அது பழகினவர்களுக்கு. இரண்டாவது சின்னப் பிள்ளைகளுக்கானது, டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதைக் கொடுத்து யாரையும் எடை போட முடியாது. மூன்றாவதுதான் நான் தேடியது. பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும், கையால் திருகினாலே வந்துவிடும். கைக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம். எழுத்தே இல்லாமல் படத்தாலேயே வழி சொல்லும் தாள். எல்லாவற்றையும்விட, தப்பாகப் பூட்டினால் கழற்ற வந்தது. கழற்ற வராத பெட்டி புதியவர்களுக்கு ஆகவே ஆகாது. இதை நான் எந்தக் கடையிலும் சத்தமாகச் சொல்வேன்.

பரீட்சைக்கு ஆளுக்கு ஒன்று வரும்படி அதையே மொத்தமாக வாங்கினோம். அந்தப் பெட்டிகளில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. கம்பெனியிலேயே பூட்டிப் பார்த்தேன், அங்கேயே பீரோவில் வைத்தேன். காரணம் என் நாத்தனார். என் கணவரின் தங்கை. அவள் புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். மூன்றாவது படிக்கிற மகளோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்த வேலைக்கு அவளும் பேர் கொடுத்திருந்தாள்.

"ஒரு தபா காட்டிட்டா இன்னா கொறஞ்சா பூடுவ? உன் நாத்தனார்தான?" என்றார் என் கணவர்.

"மத்தவங்க எல்லாம் யாரோட நாத்தனார்? ஆளுக்கு ஒரு தபா காட்டிக்கினு இருந்தா அதுக்குப் பேர் பரீட்சையா?" என்றேன். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரே ஒரு நாள் சொன்னாள்: "எங்க அண்ணன் சோறு போட்றாரு, நீங்களும் மூஞ்சி சுளிக்காம போட்றீங்க. ஆனா அண்ணி, எம் பொண்ணு இன்னொரு கரண்டி வேணும்னா உங்க மூஞ்சியப் பாத்துட்டு அப்பறம்தான் தட்ட நீட்றா. எனக்கு இந்த வேல வந்தே ஆவணும்." அதற்காகப் பெட்டியைக் காட்டிவிடவில்லை. மேனேஜரிடம் போய், இவள் என் வீட்டுப் பெண், இவளைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

பரீட்சையன்று அறை நிறையப் பெண்கள். ரோபோவைப் பார்த்ததும் முதலில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு தலை நிமிரவில்லை. டக், டக் என்று அறை முழுக்கச் சத்தம். பூ கட்டின கைகள், நாற்று நட்ட கைகள். நான் எடுத்த பெட்டி சரியான பெட்டிதான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசைக்குள் நடந்தேன்.

பாதி தூரம் நடந்ததும் நின்றுவிட்டேன். ரோபோவின் கண் ஒரு பச்சை ஸ்டிக்கர். தலையின் உள்பாகத்தில் அதை ஒட்டிவிட்டு, மேலே மூடியை வைத்து அழுத்த வேண்டும். தாளில் முதல் படமே அதுதான். ஆனால் பெண்கள் அந்தப் பச்சைக் கண்ணைப் பத்திரமாக மேசை ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு, தலையை மூடி, உடம்பு, கை, கால் எல்லாம் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இருவர் இல்லை, ஏறக்குறைய எல்லோரும்.

யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததில்லை. எங்கள் பக்கம் களிமண்ணில் பிள்ளையார் பிடித்தால், எல்லாம் முடிந்த பிறகுதான் குன்றிமணிக் கண்ணை வைத்து அழுத்துவோம். அம்மனுக்கு உருவம் செய்தாலும் கண் திறப்பது கடைசியில்தான். உடம்பே இல்லாத தலைக்கு யாராவது கண் வைப்பார்களா? நான் டிப்ளமோவில் மெஷின் டிராயிங் படித்தவள், படம் சொன்ன வரிசையில் செய்துவிட்டேன். எனக்கு இது தோன்றவே இல்லை.

கடைசியில் எல்லோரும் கண்ணைக் கையில் எடுத்தபோது தலை மூடியிருந்தது. ஒருத்தி அதை ரோபோவின் நெற்றியில் பொட்டு மாதிரி ஒட்டிவிட்டாள். ஒருத்தி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டாள். மேனேஜர் என்னிடம் வந்து, "முதல் படத்தையே பார்க்கவில்லை" என்றார். பிள்ளையார் கண் விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். காரணம் புரிகிறது, ஆனாலும் ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டுமே என்றார். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை, லைனில் ஒரு படியைத் தாண்டினால் அந்த ஸ்விட்ச் குப்பைக்குத்தான் போகும். "டைம் இன்னும் இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன்.

நாத்தனார் பக்கம் பார்க்கக்கூடாது என்றிருந்தேன், பார்த்துவிட்டேன். அவள் ரோபோவுக்கும் கண் இல்லை. அவள் தாளை எடுத்து முதல் படத்தில் விரல் வைத்தாள். பிறகு கழுத்தைத் திருகித் தலையைப் பிடுங்கினாள், மூடியில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். கண்ணை ஒட்டி, மூடியை அழுத்தி, தலையைப் பூட்டினாள். அதோடு விட்டாளா, கையைத் தூக்கினாள்.

"சார், நான் மொதல்ல தப்பா போட்டேன். கழட்டி மறுபடி போட்டுக்கினேன்."

அறை முழுக்கக் கேட்டது. அடுத்த நிமிடம் எல்லா மேசையிலும் தலை கழன்றது. எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. சும்மா இருந்திருந்தால் கண் வைத்த சிலரில் ஒருத்தியாக இருந்திருப்பாள், இப்போது எல்லோரும் கண் வைத்துவிட்டார்கள்.

மேனேஜர் அவள் மேசைக்குப் போனார். ரோபோ சரியாகத்தானே இருக்கிறது, நீயாக ஏன் சொன்னாய் என்று கேட்டார்.

"பாக்க சரியாத்தான் இருக்கு சார். ஆனா ஒரு தபா நெம்பின மூடி இது. நாளைக்குக் கழண்டு வந்தா ஏன்னு உங்களுக்குத் தெரியணும் இல்ல" என்றாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த வாரமே அவளுக்கு வேலை கிடைத்தது. லைனில் தப்பை மறைக்கிற கையைப் பழக்கவே முடியாது, சொல்கிற கையைப் பழக்கிவிடலாம் என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். இவ்வளவு நாளும் நான் வெறும் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அன்று கழற்றிப் பூட்டினவர்களில் இன்னும் பலரையும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை நிரந்தரமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணிகளை மூட்டை கட்டினாள். சத்தியவேட்டில் ஒரு அறை பார்த்துவிட்டாளாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க உனக்கு இன்னா கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல அண்ணி. அதான் இப்பவே போறேன். கொறச்சல் வந்தப்பறம் போனா நல்லாவா இருக்கும்?"

நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிந்து அவள் அறைக்குப் போனேன். ஒரு அடுப்பு, ஒரு பாய், நாலு பாத்திரம். என்னையும் மகளையும் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவள் மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமல், தன் அம்மாவைக்கூடப் பார்க்காமல், கரண்டியைத் தானே எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள்.