காலையில் மட்டும் பார்த்தேன்

ஒரு பெண்ணின் நோயை நடிப்பு என்று சொல்லி அவள் சாவுக்குக் காரணமானவன் நான்.

அப்போது தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் பேராசிரியராக இருந்தேன். தேர்வு நெருங்கிய ஒரு காலையில், இமை தொங்குகிறது, விழுங்க முடியவில்லை என்று வார்டில் சேர்ந்திருந்த சுமதியை மாணவர்களுக்குக் காட்டினேன். இமைகள் சரியாகவே இருந்தன.

"சாயந்தரம் வந்து பாருங்க சார், கண்ணத் திறக்கவே முடியாது," என்றாள்.

"சீரியல் நேரத்துல மட்டும் திறந்துக்குமோ?" என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். "எல்லாம் நடிப்பு" என்று கணவரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லியிருந்தால் இமை சரிந்திருக்கும். ஓய்வெடுத்தால் தெளிந்து, பொழுது சாயச் சாயத் தசைகள் தளரும் அந்த நோயைப் பாடம் நடத்தியவனே நான்தான். சில வாரங்களில் அவளை மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள்; விழுங்க முடியாத சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருந்தது, பிழைக்கவில்லை. கணவரிடம் நிமோனியா என்று மட்டும் சொன்னேன்.

ஓய்வு பெற்றபின் ராஜகீழ்ப்பாக்கத்தில் அவரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அவ நடிக்கவே இல்லையா சார்? நீங்க சொன்னீங்கன்னு, துப்பத் துப்ப அதட்டி ஊட்டினேனே!"

கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் பாரத்தை இறக்கத்தான் போனேன். அவர் மேல் ஏற்றிவிட்டு வந்தேன். சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.