பிரவுசரில் வைத்த வலது கை

செகினே யாசுமாசா ஒசாகாவில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். லிஃப்ட் நின்றுபோனால் பாதி நேரம் அழுக்குதான் காரணம் என்பது முப்பது வருடத்தில் அவர் கண்ட உண்மை. சுத்தம் சோறு போடும் என்பதை அவரைப் போல நம்பியவர் அந்த ஊரிலேயே இருக்க மாட்டார். கடைசியில் அந்தச் சுத்தமே அவர் வாயில் மண்ணைப் போட்டது.

வேலை போக மிச்ச உயிரை அவர் ஒரு அனலாக் பேஸ் சின்தசைசரில் வைத்திருந்தார். அடிக்குரல் மட்டும் எழுப்பும் சின்னக் கருவி. அதில் ஒரு திருகு உண்டு. இடப்பக்கம் திருப்பினால் ஒலி போர்வைக்குள் முனகும். வலப்பக்கம் திருப்பினால் வாய் திறந்து கத்தும். அதை எங்கே, எவ்வளவு, எத்தனை மெதுவாகத் திருப்புவது என்பதில்தான் செகினேயின் பெயரே இருந்தது.

"உங்க மூஞ்சிய பாக்கவா வர்றாங்க? அந்த ரெண்டு விரலுக்காகத்தான் வர்றாங்க" என்பாள் மினாயே. பதினாறு வருடமாக அவரோடு டிரம்ஸ் வாசிக்கிறவள். அவர்கள் இசைக்குழுவில் மொத்தமே இந்த இரண்டு பேர்தான்.

இரண்டு வருடம் முன்பு அந்த விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. நரம்புக் கோளாறு, குணமாகாது, மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார் மருத்துவர். செகினே யாரிடமும் மூச்சு விடவில்லை. மினாயே பரிதாபப்பட்டால் தாளம் கெட்டுவிடும் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டார். உண்மையில் பயம்.

அப்போதுதான் இணையத்தில் ஒரு இசைப் பக்கம் கண்ணில் பட்டது. பிரவுசரில் திறந்தால் பதினாறு கட்டங்கள் வரும். கட்டத்தை நிரப்பினால் ஸ்வரம். அடியில் ஒரு கோடு. கருவியைக் கேபிளால் லேப்டாப்போடு இணைத்துத் திருகைத் திருப்பினால், திருப்பியது அப்படியே கோடாகப் பதியும். பிறகு கை வைக்காமலே, அந்தக் கோட்டின்படி கருவி முனகும், கத்தும்.

காலையில் மாத்திரை போட்டால் நாற்பது நிமிடம் கை அடங்கியிருக்கும். அந்த நாற்பது நாற்பது நிமிடமாக எட்டு மாதம் உட்கார்ந்து பதினோரு பாட்டுக்கும் தன் கையைப் பதிந்து வைத்தார். முதல் பாட்டை ஓடவிட்டுக் கேட்டபோது அழுதுவிட்டார். மாத்திரைக்கும் கை அடங்காத நாள் இலையுதிர் காலத்தில் வந்தது. போகட்டும், கைதான் பத்திரமாக இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் வாசிக்குது, நீங்க பாக்கெட்ல கைய விட்டுட்டு நிக்கிறீங்க. சரியான சோம்பேறி ஆயிட்டீங்க, செகினே சான்!" என்று மினாயே கேலி செய்தாள்.

"வயசானா எல்லாரும் புத்திசாலி ஆயிடுவாங்க. உனக்கும் வரும்" என்று சமாளித்தார்.

டிசம்பர் முப்பதாம் தேதி ஆண்டுக் கடைசிக் கச்சேரி. ஒத்திகையில் இரண்டு இடத்தில் பேஸ் தடுக்கியது. "உங்க கம்ப்யூட்டருக்கு விக்கல் வந்துடுச்சு. தண்ணி குடுங்க" என்று மினாயே சிரித்தாள். செகினேவுக்கு அது உறுத்தியது.

இருபத்தெட்டாம் தேதி, ஊரே செய்வதுபோல, அவரும் வருடக் கடைசி வீடு பெருக்கலில் இறங்கினார். ஜன்னல், அடுப்பு, குளியலறை முடித்து, கேபிள் முனைகளைத் துடைத்தார். திருகின் அடியில் படிந்த தூசியைப் பஞ்சால் எடுத்தார். மிச்சம் லேப்டாப். பிரவுசரில் சேர்ந்த குப்பையை அழித்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்திருந்தார். எதையெல்லாம் அழிக்கலாம் என்று பட்டியல் வந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் குறியிட்டார். ஒரு மூலையை விட்டுவிட்டுப் பெருக்கினால் அது பெருக்கலா?

அந்தப் பக்கம் பாட்டுகளை வேறெங்கும் வைப்பதில்லை, பிரவுசருக்குள்தான் வைக்கும். இது அவருக்குத் தெரியாது. திரும்பத் திறந்தபோது பதினாறு வெற்றுக் கட்டங்கள். அடியில் நேர்கோடு.

மறுநாள் மதியம் ஒரு பை நிறைய ஆரஞ்சோடு மினாயே வந்தாள். செகினே லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து முயன்று ஒரு பாட்டைப் பதிந்திருந்தார். அதை ஓடவிட்டுக் கேட்டவள் பையைக் கீழே வைத்தாள்.

"அடேயப்பா! இது என்ன புதுசா? சத்தம் நடுங்குதே, குளிர்ல நிக்கிற மாதிரி! எப்படி வரைஞ்சீங்க?" திரையில் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கியிருந்தது. "நாளைக்கு இதையே வாசிக்கலாம். பழசைத் தூக்கிப் போடுங்க."

"பழசு போயிடுச்சு, மினாயே. எல்லாத்தையும் நானே தொடைச்சிட்டேன்."

"சரி, விடுங்க. இதுவும் நல்லாத்தானே வரைஞ்சிருக்கீங்க?"

"வரையல. என் கைதான் அது."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவர் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். இத்தனை நாளும் பாக்கெட்டுக்குள் இருந்த கை.

"எப்போலேருந்து?" என்றாள். அவர் சொன்னார். அவள் திட்டவில்லை; திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"நாளைக்கு இத ஓடவிடலாம். நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க. அது போதும்" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "எங்க, இப்ப ஒரு தடவை அமுக்குங்க."

செகினே விரலை நீட்டினார். பாட்டு ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. விரலை எடுப்பதற்குள் நான்கு முறை அமுங்கிவிட்டது.

மினாயே லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.