பூக்காத செடியின் பிள்ளை

மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, பலாப்பழக் கடைகளைத் தாண்டி, காலைப் பனிக்குள் ஓர் அடுப்பு மட்டும் சிவப்பாகத் தெரிந்தால் அது ருக்குமணியின் கடை. கடை என்றதும் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு கம்பு, ஒரு தார்ப்பாய், ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம். அதில் கொதிப்பது முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பெயரைக் கேட்டதும் கீழ்நாட்டுச் சைவக்காரர்கள் பத்தடி தள்ளி நின்றுகொள்வார்கள். ஆட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வளர்கிற ஒரு செடியின் கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமம் மூடி, பார்த்தால் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும், அவ்வளவுதான். ரோமத்தைச் சுரண்டி, நசுக்கி, மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொதிக்க விடுவாள். முட்டிவலிக்கு நல்லது என்று மலையில் எல்லாரும் சொல்வார்கள்.

"முட்டிக்குச் சூப்பு விக்கறவ ஊட்டுக்காரனுக்கே முட்டி போயிருச்சு பாருங்க" என்று பலாப்பழக்காரர்கள் சிரிப்பார்கள். ருக்குமணியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அவள் புருஷன் சென்றாயன்தான் இத்தனை வருஷமும் பாறை ஏறிக் கிழங்கு வெட்டி வந்தவன். போன மழைக்காலத்தில் ஈரப்பாறை வழுக்கி விட்டது. உயிர் தப்பியது குலதெய்வம் செய்த புண்ணியம். வலது முட்டி மட்டும் பழைய முட்டியாக இல்லை. இப்போது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். அதற்குள் டூரிஸ்ட் கூட்டம் பெருகி, ஆளாளுக்கு வெட்டி, கைக்கெட்டிய பாறையெல்லாம் மொட்டையாகிவிட்டது. மிச்சம் இருப்பது கழுகுப் பாறை ஒன்றுதான். நெட்டுக்குத்தாக நிற்கிற அந்தப் பாறையில், பாதி உயரத்துக்கு மேல், ஒரு பெரிய புதர் தலைவிரித்துக்கொண்டு தொங்குகிறது. நல்ல காலோடு இருந்தபோதே சென்றாயன் அதைத் தொட்டதில்லை.

"ஆடிக் கூட்டம் வரதுக்குள்ள அதை எறக்கிடறேன்" என்றான் ஒருநாள், சோறு தின்றுகொண்டே.

ருக்குமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, அந்தப் பாறைக்கு மட்டும் ஏறாதீங்க. நான் ஊட்டுக்கிட்டயே செடியை உண்டாக்கிக் காட்டறேன்."

"எதை வெச்சு உண்டாக்குவே? பூ இருக்குதா, காய் இருக்குதா, வெதை இருக்குதா?"

"உண்டாக்கிட்டா?"

"உண்டாக்கிட்டா நான் ஏறவே மாட்டேன் போ" என்று சிரித்தான். அவன் விளையாட்டுக்குச் சொன்னான். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரம், உடைந்த கூடைகளில் கொஞ்சம் கிழங்கைத் தென்னை நாரோடு வைத்துக் கட்டினாள். தழைத்தது. சந்தோஷத்தில் ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டி வைத்தாள். ஒரு துண்டு அழுகிப்போயிற்று. இன்னொன்று கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி ஒரு இலைகூட விடாமல் கிடந்தது. வெட்டினால் இரண்டுதான், ஆனால் இரண்டும் பாதி. இப்படி வெட்டி வெட்டி எந்தக் காலத்தில் புதிதாக ஒன்று வரும்? பழசுதானே சின்னதாகிக்கொண்டு போகிறது? பனியில் உட்கார்ந்து அவள் இதையே யோசித்துக்கொண்டிருப்பாள். சூப் கேட்டு நிற்கிறவர்கள் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருக்கும்.

இதற்கு நடுவில் சீக்கு வேறு வந்து சேர்ந்தது. அகல இலைகளின் அடிப்பக்கத்தில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். காப்பிச் செடியில் இப்படித்தான் துரு விழுந்து தோட்டமே போனதைப் பார்த்தவள் ருக்குமணி. விடுவாளா? காலையும் மாலையும் இலையைத் திருப்பித் திருப்பிச் சாம்பல் போட்டுத் துடைத்தாள். ரொம்பவும் புள்ளி விழுந்த இலைகளை ஒடித்துத் தொட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். எறிந்த கையோடு இன்னொரு வேலையும் செய்தாள். தொட்டியைச் சுற்றிப் பாவிய செங்கல்லில் பச்சையாகப் பாசி பிடித்துக்கொண்டே இருந்தது. நொண்டிக் காலோடு குளிக்க வருகிற மனுஷன் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது? தேங்காய் நாரை வைத்து, நகம் தேயத் தேய, அந்தப் பச்சையைச் சுரண்டி எடுத்தாள். ஒரு வாரம் தவறியதில்லை. புருஷன் மேல் அவ்வளவு அக்கறை.

ஆனி பிறப்பதற்கு முன்னால் மகள் யமுனா லீவுக்கு வந்தாள். நாமக்கல்லில் விடுதியில் தங்கித் தாவரவியல் படிக்கிறாள். காலையில் பல் விளக்கிக்கொண்டே கொல்லைப்புறம் வந்தவள், அம்மா சாம்பல் கையோடு இலையைத் துடைப்பதைப் பார்த்து, வாயில் நுரையோடு கத்தினாள்.

"ஐயோ அம்மா! என்னம்மா பண்றே?"

"சீக்கு விழுந்திருக்குது கண்ணு."

"சீக்கா? இதாம்மா அதுக்கு வெதை மாதிரி! இதைப் போயி துடைச்சுட்டு இருக்கறயே!"

ருக்குமணிக்கு ஒன்றும் ஓடவில்லை. யமுனா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு புள்ளியை நகத்தால் தட்டினாள். அம்மாவின் உள்ளங்கையில் தூள் மாதிரி ஏதோ விழுந்தது. மூச்சு விட்டால் பறந்துவிடும்.

"இந்தச் செடி பூக்காது. தூளாத்தான் உதிரும். ஒவ்வொரு தூளும் ஒரே ஒரு செல். அதுலயும், பெரிய செடியோட செல்லுக்குள்ள இருக்கறதுல பாதிதான் இருக்கும்."

"பாதியா? அப்புறம் எப்படிச் செடியாவும்?"

"நேரா செடியாவாதும்மா. ஈரமான எடத்துல விழுந்தா அந்த ஒரு செல் ரெண்டாவும், ரெண்டு நாலாவும். அப்படியே போய் பச்சையா, சின்னதா, வெத்தலையாட்டம் நெஞ்சு வடிவத்துல ஒரு தகடு மாதிரி தரையோட ஒட்டிக்கும். அதுலதான் ஆண் செல்லும் பெண் செல்லும் உண்டாவும். மழைத்துளி விழுந்தா ஆண் செல் அந்தத் தண்ணியில நீந்திப் போய் பெண் செல்லோட சேரும். ரெண்டு பாதியும் சேர்ந்து முழுசானப்புறம்தான் நெசச் செடி வரும்."

"வெட்டி வெட்டி ரெண்டானா ரெண்டும் பாதிதானே ஆவும் சாமி? நான் கிழங்கை வெட்டிப் பாத்தனே."

"செல்லு அப்படிப் பிரியாதும்மா. பிரியறதுக்கு முன்னாடியே உள்ள இருக்கறதையெல்லாம் இன்னொரு படி எடுத்து வெச்சுக்கும். அப்புறம் ஆளுக்கு ஒண்ணு. ரெண்டும் முழுசு."

"அடேங்கப்பா! உங்க அப்பனும் சித்தப்பனும் காடு பிரிச்சப்ப இந்தப் புத்தி இல்லையே!" என்று ருக்குமணி சிரித்துவிட்டாள். சிரித்த வாய் மூடவில்லை, அதற்குள் முகம் மாறிவிட்டது. "யமுனா, அந்தத் தகடு எப்படி இருக்கும்னே? பச்சையா, தரையோட ஒட்டிக்கிட்டா?"

மகள் எழுந்து தொட்டியைச் சுற்றி வந்தாள். சுரண்டி எடுத்த செங்கற்கள் சுத்தமாகப் பளபளத்தன. சுவர் மூலையில், நார் எட்டாத ஒரே ஒரு செங்கல்லில் மட்டும் பச்சை மிச்சம் இருந்தது. குனிந்து கிட்டத்தில் பார்த்தால், பாசிக்கு நடுவே, கொத்துமல்லி விதை அகலத்தில் குட்டிக் குட்டி நெஞ்சுகள்.

ருக்குமணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பாவி, பாவி, வாராவாரம் தேய்த்துக் கழுவி ஓடையில் விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். யார் கீழே விழக்கூடாது என்று தேய்த்தாளோ, அந்த ஆளைப் பாறையில் ஏற்றப்போவது இந்தத் தேய்ப்புதான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை.

அதற்கப்புறம் அந்த மூலைக்குக் காவல் போட்டாள். புருஷன் குளிக்க முன்வாசலில் ஒரு பலகையும் பக்கெட்டும் வைத்தாள். "பாசிக்குப் பந்தோபஸ்து போடற ஊடு இது ஒண்ணுதான்" என்று அவன் முணுமுணுத்தான். செடி வந்தபின் காட்டினால் போதும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. யமுனா காலேஜுக்குத் திரும்பினாள்.

மழை சாரலாக வந்தது. மலையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுப்புப் புகை எது, மேகம் எது என்று தெரியாது. கடைக்குப் போய் வந்த நேரம் போக, ருக்குமணி தொட்டி ஓரத்தில் குந்தியிருந்தாள். ஒரு துளி சொட்டும். பச்சை நெஞ்சுகள் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் விரியும். கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்று இப்போது அதில் நீந்திக்கொண்டிருக்கும் என்று நினைப்பாள். ஒரு விரல்கடைத் தூரம்கூட இல்லை. ஆனாலும் அதற்கு அது ஒரு ஆறுதானே? வழி தெரியுமா, போய்ச் சேருமா, இருட்டாக இருக்குமா? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே கண் சொக்கிப்போவாள். யமுனாவும் ஒரு காலத்தில் இவ்வளவுதான் இருந்திருப்பாள் என்று தோன்றும். தனக்குத் தெரியாமல், தான் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு நாளில், ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, சத்தமே இல்லாமல் ஒரு பெண் உண்டாகியிருக்கிறாள். நினைத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. கையில் காப்பி ஆறிப்போயிருக்கும்.

இதற்குள் கிழங்கு தீர்ந்துவிட்டது. ஒருநாள் அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மத்தியானமே வீடு திரும்பினாள். சென்றாயன் ஆணியில் தொங்கிய கயிற்றை ஒரு தரம் பார்த்தான். முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் விடியலில் மூலைக்குப் போனவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். ஒரு பச்சை நெஞ்சின் நடுவிலிருந்து, ஊசி முனையில் எடுத்து வைத்த மாதிரி ஒரு இலை எழுந்து நின்றது. பக்கத்தில் இன்னொன்று. அடி என் தங்கமே! அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "ஏனுங்க, இங்க வாங்க, ஓடியாங்க!" என்று கூப்பிட்டாள்.

பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருந்தது. ஆணியில் கயிறும் அரிவாளும் இல்லை.

திரும்பி ஓடி வந்து, அந்தச் செங்கல்லை மண்ணோடு நெம்பி எடுத்தாள். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு காட்டுப் பாதையில் விழுந்தடித்து ஓடினாள்.

கழுகுப் பாறை மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தது. மேலே மரத்தில் கட்டிய கயிறு தெரிந்தது. கயிற்றில் சென்றாயன் தொங்கிக்கொண்டிருந்தான். இடது பாதம் ஒரு வெடிப்பில். வலது கால் சும்மா ஆடியது. புதர் அவன் தலைக்கு மேல் ஒரு கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. கத்திவிட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். திடுக்கிட்டால் போச்சு.

"ஏனுங்க" என்றாள், தூங்குகிறவனை எழுப்புகிற குரலில்.

"போ ஊட்டுக்கு. பேச்சுக் குடுக்காதே."

"மொளைச்சிருச்சுங்க."

மேலே ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "என்னது மொளைச்சுது?"

"ஆட்டுக்கால். தூள்ல இருந்து. கையில வெச்சிருக்கறேன்."

"எங்க, காட்டு."

செங்கல்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஈரம் முழங்கை வழியாக வழிந்தது.

"ஒரு எழவும் தெரியலயே புள்ள!"

"அங்கிருந்து தெரியாதுங்க. நகத்துல பாதிகூட இல்ல. எறங்கி வந்து கிட்டத்துல பாத்தாத்தான் தெரியும்."

அவன் அண்ணாந்து புதரைப் பார்த்தான். குனிந்து அவளைப் பார்த்தான். மேகம் இருவருக்கும் நடுவில் வந்து கொஞ்ச நேரம் அவனை மறைத்தது. அவள் கையைக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் அவன் மேலே போய்விடுவான் என்று அவளுக்கு ஒரு எண்ணம். பிறகு கயிறு முறுகுகிற சத்தம் கேட்டது. மேலேயா, கீழேயா? ஒரு சின்னக் கல் உருண்டு அவள் காலடியில் விழுந்தது. அதற்குப் பின்னால் மேகத்திலிருந்து அவன் பாதம் வெளியே வந்தது, நொண்டிக் கால் முதலில்.

தரையில் இறங்கி, மூச்சு வாங்கி, செங்கல்லுக்கு மேல் குனிந்தான். மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். அந்த இலை அவன் மூச்சுக்கு அசைந்தது.

"இத்தனூண்டு" என்றான். "இது கிழங்கு வெச்சு, நீ சூப்பு காச்ச எத்தனை வருசமாவும்?"

"நாலஞ்சு வருசமாவது ஆவும்னு யமுனா சொன்னா."

"அது வரைக்கும் என்னத்தை விப்பே?"

"மொளகு ரசம் விப்பேன், பணியாரம் விப்பேன். அதை உடுங்க. இது பெருசாவற வரைக்கும் நீங்க என்கூட உசுரோட இருக்கோணும். எனக்கு அது ஒண்ணு போதும். கிழங்கும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் இப்படிச் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

சென்றாயன் அரிவாளை இடுப்பிலிருந்து உருவிக் கீழே போட்டான்.

"கொண்டா இப்படி. உனக்குக் கை கடுத்துருக்கும், கீழ போட்டுருவே" என்று செங்கல்லை வாங்கிக்கொண்டான். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வீட்டுப் பக்கம் நடந்தான்.