உலகச் சந்தையை அலசியவன்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களுக்கு அருளை நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவனைக் கண்டதும் வேகமாக நடக்கிறார்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் அவனுக்குத் தரப் பரிசோதனை வேலை. செய்து வரும் உருப்படிகளில் குறை உள்ளதைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். வருடக்கணக்காக இதையே செய்து, கண்ணில் பட்டதையெல்லாம் சிவப்புத் தொட்டியில் எறிகிற புத்தி வந்துவிட்டது. மாமியார் வைத்த குழம்பு, மகளின் கையெழுத்து, மனைவியின் சொந்தக்காரர்கள் எல்லாம் தொட்டிக்குத்தான். தன்னை மட்டும் அவன் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

அவன் மனைவி யுவராணி, ஆவடியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நாளெல்லாம் நின்று, வீங்கிய காலோடு பஸ் ஏறி வருகிற பிறவி. மகள் காவ்யா நான்காம் வகுப்பு படித்தபோது, ஒரு சம்பள நாளில் இரண்டாயிரம் ரூபாயைக் கணவன் கையில் வைத்தாள்.

"கடைல பேசிக்கிறாங்கங்க. இண்டெக்ஸ் ஃபண்டுன்னு ஒண்ணு கீதாம். நாம எந்தக் கம்பெனியையும் தேடிப் புடிக்க வேணாமாம். பெரிய கம்பெனி எல்லாத்துலயும் அதுவே கொஞ்சம் கொஞ்சம் போட்டுக்குமாம். மாசாமாசம் குடுக்கிறேன், காவ்யா காலேஜுக்குப் போட்டு வைங்க."

ஒரு தாய் கேட்டது அவ்வளவுதான். போனை எடுத்தால் கால் மணி நேரத்தில் முடிகிற காரியம். ஆனால் அருள் ஆராயத் தொடங்கினான்.

இந்தியாவின் ஐம்பது பெரிய கம்பெனிகளை வாங்கும் ஃபண்ட்? "அத்த எல்லா டுபாக்கூரும் போட்றான்." அமெரிக்காவின் ஐந்நூறு? "இப்ப உச்சத்துல கீது, எறங்கட்டும்." இறங்கியது. "இன்னும் எறங்கும்." ஜப்பான்? "அங்க பூரா கெழவனுங்க." ஐரோப்பா? "சண்டைடி அங்க." உலகம் முழுவதையும் சேர்த்துக் கட்டிய ஃபண்ட்? "அதுலயும் பாதிக்கு மேல அமெரிக்காதான், ஏமாத்து வேலை." நடுவில் வெளிநாட்டு ஃபண்டுகள் சில, புதுப் பணம் வாங்குவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. அன்று அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாத்தியா, நான் போடாம இருந்தது எவ்ளோ நல்லதாப் போச்சு!"

பூந்தமல்லியில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஹாஜா மொய்தீன் அவனோடு பள்ளியில் படித்தவர். சர்க்கரைக்காக ஞாயிறுதோறும் ஏரிக்கரைக்கு நடக்க வருவார். ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"மாமே, நானும் மாசம் ஏதோ போடலாம்னு கீறேன். எதுல போட்லாம்?"

"நீ இன்னா அண்டாவா வாங்கப் போற, தட்டிப் பாத்து எடுக்க? ஒரொரு நாடா படிக்கணும் ஹாஜா. உனுக்குலாம் ஏறாது."

"சரி, எனுக்கு ஏறாது. நீ எதுல போட்டுகீற, சொல்லு."

"நான் பாத்துகினு கீறேன்."

"மூணு வருசமாவா? அதுக்குள்ள என் அண்டால எத்தினி கல்யாணம் முடிஞ்சிகீது தெரியுமா!"

மறுவாரத்திலிருந்து ஹாஜா ஏரியின் எதிர்க்கரையில் நடந்தார்.

காவ்யா ஏழாம் வகுப்புக்கு வந்த நாளில் யுவராணி ஆசையாகக் கேட்டாள்: "நம்ம துட்டு எவ்ளோ ஆயிகீதுங்க?"

அருள் சுவரைக் காட்டினான். கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய டிவி தொங்கியது. கம்பெனி போனஸில் வாங்கியதாகத்தான் இத்தனை நாளும் அவள் நம்பியிருந்தாள்.

"போன்ல கிராஃப் பாத்தா கண்ணு போவுது. படிக்கத்தான வாங்கினேன். மிச்சம் வண்டிக்கு, அதுக்கு இதுக்குன்னு..."

குழந்தையின் படிப்பைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியவன், குரல்கூட நடுங்காமல் சொன்னான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு வசதியாகப் போயிருக்கும், சமாதானம் செய்து பெரிய மனுஷனாகியிருப்பான்.

"கடைசில எது எதுதான் தேறிச்சு? அதையாவது சொல்லுங்க."

"சுமாராத் தேறினது நாலு," என்று கால்மேல் கால் போட்டுக்கொண்டான். "இந்தியா அம்பது, அமெரிக்கா ஐந்நூறு, ஜப்பான், உலகம் மொத்தம். இதுல எதுன்னுதான் யோசிச்சிகினு கீறேன்."

வெள்ளிக்கிழமை அவள் மகளோடு வேம்புலியம்மன் கோயிலுக்குப் போனாள். நான்கு பெயர்களையும் நான்கு தாளில் எழுதி, ஒவ்வொன்றோடும் ஒரு பூ வைத்து, இலையில் மடித்து நூல் கட்டினாள். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பவர்கள் செய்வதுதான். பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டுவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, மாப்ள விசயமா?"

"மாப்ள விசயம் முடிஞ்சி போச்சு பூசாரி. இது பொண்ணு படிப்பு விசயம்."

காவ்யா குனிந்து எடுத்தாள். அபிஷேக ஈரத்தில் இரண்டு பொட்டலங்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே வந்தன. இந்தியாவும் அமெரிக்காவும்.

"ரெண்டு வந்துருச்சும்மா. ஒண்ண வெச்சிடட்டா?"

"வாணாம். ரெண்டுலயும் ஆயிரம் ஆயிரமாப் போட்லாம்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், அவள் வேலை செய்யும் துணிக்கடையில் சட்டைப் பிரிவில் நிற்கும் ஜஸ்டின் அவள் போனில் அவள் பெயரிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுத்தான். "யாருக்கா ஃபண்டு செலக்ட் பண்ணது?" என்றான். "வேம்புலியம்மா," என்றாள் அவள். அவள் மாமியாரின் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவன் தலையாட்டினான்.

அடுத்த சம்பளத்தில் அருள் கையை நீட்டினான். கையில் எதுவும் விழவில்லை. விஷயம் தெரிந்ததும் தரையை உதைத்துக்கொண்டு சிரித்தான்.

"பூ போட்டுப் பாத்து துட்டு போட்டியா? அட மண்டு! அந்த ஃபண்டுல வருசத்துக்கு எவ்ளோ செலவு புடிக்கிறான், தெரியுமா உனுக்கு?"

கட்டிய நாளிலிருந்து அவனை "வாங்க, போங்க" என்றே பேசி வந்தவள், பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அவன் புடிக்கிற செலவு எனுக்குத் தெர்லய்யா. நீ புடிச்ச செலவு செவுத்துல தொங்குது. தெனம் பாத்துகினுதான் கீறேன்."

காவ்யா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அருள் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

அதோடு அவன் திருந்தியிருப்பான் என்று நினைக்கிறீர்களா? அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர்க்கரைக்குச் சுற்றிப் போய் ஹாஜாவை மடக்கினான்.

"ஊட்ல ஆரம்பிச்சாச்சு ஹாஜா. இந்தியா பாதி, அமெரிக்கா பாதி. அந்தப் பொம்பளைக்கு இன்னா தெரியும்? எல்லாம் நான் செலக்ட் பண்ணது."

"அப்ப எனுக்கும் அதையே சொல்லேன் மாமே, போட்டுட்றேன்."

அருள் நின்று, ஏரியைப் பார்த்து, தாடையைத் தடவினான்.

"அவசரப்படாத. ஜப்பானை இன்னொரு வாட்டி பாத்துட்றேன்."