பூஜ்யம் வழியே போன கோடு

எங்கள் சாயப்பட்டறையில் படம் போடுகிறவளுக்கு ‘பென்சிலக்கா’ என்று பெயர். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு மேஜையெல்லாம் தேடுவாள். ஆனால் கணக்கில் அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

தொட்டியில் எத்தனை வாளி அமிலம், எத்தனை வாளி தண்ணீர் என்று ஆட்கள் குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. அவள் கட்டத்தாளில் போட்டுத் தருவாள். குறுக்கே அமிலம், மேலே தண்ணீர். ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு கோடு. ஒன்றின் சரியான பக்கத்தில் மஞ்சள் தீட்டுவாள், மற்றதற்கு நீலம். இரண்டும் சேர்ந்து பச்சையான இடத்துக்குள் புள்ளி விழுந்தால் ஊற்றலாம்.

கோட்டின் எந்தப் பக்கம் சரி என்று பார்க்க, அமிலம், தண்ணீர் இரண்டுக்கும் பூஜ்யம் போட்டுப் பார்ப்பாள். பொருந்தினால் பூஜ்யம் இருக்கும் பக்கம், இல்லையென்றால் மறுபக்கம். பத்து வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

திங்கட்கிழமை புது அமிலம் வந்தது. மொத்தம் அறுபது வாளியைத் தாண்டக் கூடாது. தண்ணீர் அமிலத்தைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். குறைந்தால் பொங்கி முகத்தில் அடிக்கும். அன்றைக்கே படம் போட்டுத் தொட்டி அறைக்கு அனுப்பிவிட்டாள். அந்தத் தொட்டியில் வேலை பார்ப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே உறைந்துபோனாள்.

“அந்த ரெண்டு மடங்குக் கோடு பூஜ்யம் வழியாவே போகுதுல்ல?”

“போனா என்னக்கா?” என்றேன்.

“பூஜ்யம் கோட்டு மேலயே இருந்தா எந்தப் பக்கம்னு அது சொல்லவே சொல்லாது. நான் பாட்டுக்கு பொருந்துதுன்னு டிக் போட்டுட்டு, எப்பவும்போல கீழ்ப்பக்கம் தீட்டிட்டேன்.”

கீழ்ப்பக்கம் என்றால் தண்ணீர் குறைந்த பக்கம். அவள் தொட்டி அறைக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்த பிறகுதான் தம்பி எடுத்தான். இரைச்சலில் அவன் கத்தியது எனக்கும் கேட்டது.

“டேய், ஊத்தாதடா!”

“என்னக்கா? ஒண்ணும் கேக்கல. பதினஞ்சு தண்ணி விட்டாச்சு, இப்ப முப்பது அமிலம். தண்ணி கம்மியாத்தான் தோணுச்சு. ஆனா பச்சைக்கு நட்ட நடுவுல நிக்குது. நீ போட்ட படமாச்சேன்னு ஊத்தச் சொல்லிட்டேன்.”

அவள் போனைக் கீழே போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். நான் எடுத்துக் காதில் வைத்தேன். இரைச்சல் மட்டும் கூடிக்கொண்டே போனது. தம்பி, தம்பி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.