செவ்வரளி சொன்னதும் பிரின்சிபால் சொன்னதும்

எங்கள் கல்லூரியில் என்னென்ன படிக்கலாம் என்று ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். பி.காம். இருந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, கோட்டுப் போட்டுச் சிரிக்கிற யாரோ ஒருத்தி இருந்தாள். நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த புவியியல் மட்டும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிழித்தே போட்டிருப்பேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

துறைத் தலைவரிடம் போய்க் கேட்டோம். "ஒண்ணும் ஆவாது, போய்ப் படிங்க" என்றார். ஆபீஸில் கேட்டால், "எங்களுக்கென்ன தெரியும்?" என்றார்கள். பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டால் வதந்திக்குக் கொண்டாட்டம்தானே! எங்களைப் பி.காம். முதலாம் ஆண்டில் கொண்டுபோய் உட்கார வைக்கப் போகிறார்கள் என்றாள் ஒருத்தி. டிகிரியே கிடையாதாம் என்றாள் இன்னொருத்தி. எனக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அன்றைக்கே வீட்டில் கொட்டிவிட்டேன்.

அம்மா வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறாள். அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்பி வருகிறபோதுதான் நிஜம். ஆகவே எங்கள் வீட்டில் அம்மா சொல்வதே சட்டம், அம்மாவுக்கு மாரியம்மன் சொல்வதே சட்டம். சம்பந்தம் பேசுவதானாலும் போர்வெல் போடுவதானாலும் எங்கள் பக்கம் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. வெள்ளிக்கிழமை அம்மா போய் எடுத்தாள். சிவப்பு வந்தது.

"ஆத்தாளே இல்லீன்னுட்டா சாமி. இல்லாத படிப்புக்கு எதுக்குப் பஸ் ஏறோணும்? வர்ற மாசத்துல இருந்து என்கூடத் தறிக்கு வந்துரு" என்றாள்.

கத்தினேன், அழுதேன், சோற்றுத் தட்டைத் தள்ளினேன். ஒன்றும் எடுபடவில்லை. ஆத்தாளோடு மல்லுக்கு நிற்க யாரால் முடியும்? தறி வேலை கேவலம் என்று நான் நினைக்கவில்லை. எனக்கு மேப் வரையப் பிடிக்கும், அவ்வளவுதான். கொல்லிமலையை உயரக் கோடுகளாக வரைந்து முடித்த அன்று சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றவள் நான். அதை விட்டுவிடு என்றால் வயிறு எரியாதா?

திங்கட்கிழமை மத்தியானம் பிரின்சிபால் மேடம் எங்கள் மேப் அறைக்கு வந்தார். புதிதாக வந்தவர், ஆத்தூர்ப் பக்கம். எங்கள் ஊர் 'ங்க' அவர் பேச்சில் ஒட்டாது, நறுக்கென்றுதான் பேசுவார். மேடைக்குப் போகாமல் எங்கள் பெஞ்சிலேயே ஓரமாக உட்கார்ந்தார்.

"இந்த வருஷம் புவியியலுக்குப் புதுசா ஆள் எடுக்கல. விண்ணப்பமே வரல. இனிமே எடுப்போம்னும் எனக்குத் தோணல. ஆனா சேர்ந்தவங்க முடிக்கிற வரைக்கும் வகுப்பு நடக்கும். யாரையும் வேற பாடத்துக்கு மாத்த மாட்டோம். உங்க டிகிரியில புவியியல்னுதான் இருக்கும். யூனிவர்சிட்டிக்கு நேர்ல போய்க் கேட்டு, எழுத்துல வாங்கிட்டு வந்திருக்கேன். உங்க சார் ஒருத்தர் வேலைய விட்டுப் போறாரு. அவருக்குப் பதிலா நல்ல ஆள் கிடைப்பாங்களான்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் வந்து சொல்றேன்."

"அப்பப் பேனர் கட்டறதுக்கு முன்னால எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்று வெடுக்கென்று கேட்டேன். பக்கத்திலிருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள்.

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றார்.

அப்பாடா! நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. ஆனால் என் பிழைப்புக்கு அது போதாதே.

"எங்க ஊட்டுல செவ்வரளி வந்துருச்சுங்க மேடம். இனி அனுப்ப மாட்டாங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. விவரத்தைக் கேட்டுக்கொண்டு, "அம்மாவுக்குப் போன் போடு" என்றார். கல்லூரிக்குள் போனை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு அவரே எடுக்கச் சொல்லி, ஸ்பீக்கரில் போட வைத்தார்.

தறிச் சத்தத்துக்கு நடுவே அம்மா கத்தினாள். "ஏனுங்க டீச்சரம்மா, ஆத்தா சிவப்புக் குடுத்துட்டாளுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"ஆத்தாகிட்ட என்னன்னு கேட்டீங்கம்மா?"

"இந்தப் படிப்பு அந்தக் காலேஜுல நெலைக்குமான்னு கேட்டனுங்க."

"நிலைக்காதும்மா. சரியாத்தான் சொல்லியிருக்கா. இவங்களோட அது முடிஞ்சிரும். ஆனா உங்க பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

தறிச் சத்தம் நின்றது. நூல் அறுந்தால்தான் அம்மா தறியை நிறுத்துவாள்.

"ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னே எல்லாரும் சொன்னாங்களாமுங்க" என்றாள் அம்மா, நிதானமாக. "இல்லீன்னு மொகத்துக்கு நேராச் சொன்னது ஆத்தாளும் நீங்களுந்தான். அப்ப நீங்க சொல்ற மிச்சமும் நெசமாத்தான் இருக்கோணும்."

எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்துகிற சத்தம் அந்தப் பக்கமும் கேட்டது.

"சாமி, இருக்கறயா?" என்று என்னைக் கூப்பிட்டாள். "சாயங்காலம் வாரப்பப் பஸ் ஸ்டாண்டுல அரளிப்பூ வாங்கியா."

"மறுக்காவும் பூக் கேக்கறயா! எதுக்கும்மா?" அலறிவிட்டேன்.

"கேக்கறதுக்கில்ல கண்ணு. மாலை கட்டிப் போடறதுக்கு. செவப்பாவே வாங்கியா."