குருந்தத்தைப் பற்றிப் பேசப் போன செல்வராணி

வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. கப்பலூரிலிருந்து ஓர் ஆலை மேலாளர் பேசினார். "செல்வராணி மேடம் பேசிட்டுத் திரும்புறப்ப வண்டியில லாரி மோதிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..."

அன்று அங்கே பேச வேண்டியவள் நான். சாணைக்கல் செய்யும் அந்தச் சிறிய ஆலையின் தொழிலாளர்களுக்கு, அவர்கள் தினமும் கையாளும் கனிமத்தின் பெயர் வந்த கதையைச் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். காலையில் எனக்குக் குரலே எழும்பவில்லை. "பேசாம படுடி. நான் போயிட்டு வாரேன்" என்று செல்வராணி ஸ்கூட்டரை எடுத்தாள்.

எங்கள் கல்லூரியில் அவள் நிலவியல், நான் வேதியியல். சொற்கள் மேல் அவளுக்கிருந்த பித்து அவளோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். ஒரு பாடநூல் மொழிபெயர்ப்புக் கூட்டத்தில், வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான கனிமத்துக்கு ஆங்கிலப் பெயரையே 'கொரண்டம்' என்று எழுதி வைத்திருந்தோம். செல்வராணி பேனாவை மூடினாள்.

"அது நம்ம குருந்தம் சார். கல்லு இங்கேருந்து கப்பலேறுனப்ப பேரும் கூடவே போயிருக்கு. நம்ம வீட்டுப் பிள்ளை வெளியூர் போயிட்டு வந்தா, வாசல்ல நிறுத்தி நீ யாருன்னா கேப்பீங்க?"

வடமொழிக் குருவிந்தமும் இதற்கு உறவுதான் என்றார் ஒருவர். "இருக்கட்டுமே, சொந்தக்காரங்க நாலு பேரு இருந்தா நல்லதுதானே" என்று சிரித்தாள். குருந்தம் என்றே அச்சாயிற்று. அதைக் கட்டுரையாக எழுதியது நான். அவள் பெயரைச் சொல்லித்தான் எழுதினேன். ஆனாலும் ஆலைக்காரர்கள் எழுதியவளைத்தான் அழைத்தார்கள்.

ஆனையூர் வீட்டில் அவள் கணவர் முத்தையாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவரே தேடி வந்தார்.

"தொண்டை சரியாப் போச்சாம்மா?"

சரியாகியிருந்தது. "இன்னும் இல்லண்ணே" என்றேன். சரியாகிவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் ஒருவரைக் கூப்பிட்டு எனக்குச் சுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆலையில் யாரோ அவள் பேச்சைக் கைபேசியில் பதிவுசெய்து எனக்கு அனுப்பினார்கள். அவளுடையதாக என்னிடம் இருப்பது அதுதான். "பேச வேண்டியது என் சிநேகிதி. அவளுக்குத் தொண்டை கட்டிக்கிருச்சு. அவளுக்கு நஷ்டம், எனக்கு யோகம்" என்று தொடங்குகிறாள். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

அந்தக் கைதட்டலைத் தாண்டி என்னால் இன்னும் கேட்க முடியவில்லை.